அப்பப்பா எழும்பி நடந்த கதை

நல்ல திடகாத்திரமான ஒரு மனிதரை நோயாளியாக்குவதற்கு எங்கள் வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து பாடுபட்டோம். அந்த முயற்சிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மரியாதை.

அந்த மனிதர் என் அப்பப்பா. திருகோணமலைத் துறைமுகத்தில், வெள்ளைக்காரரின் டொக்யாட்டில் வேலை செய்தவர். கப்பல் கரையை அணைகிறபோது மேலேயிருந்து வீசுகிற வடக்கயிற்றைப் பிடித்து, பத்துப் பேரோடு சேர்ந்து இழுத்துக் கட்டுவதுதான் வாலிப காலத்திலிருந்து அவருடைய தொழில். வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவர்களோடு கப்பல்களும் போய்விட்டன. கயிறு பிடித்தவர்கள் வீடுகளுக்கு வந்தார்கள். அப்பப்பாவும் ஒரு பின்னேரம் உப்புவெளியிலிருந்த எங்கள் வீட்டுக்கு வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கம்போலக் கிணற்றடியில் கால் கழுவி, "பிள்ளை, நாளைக்கு விடியச் சோறு கட்ட வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். அப்பப்பாவுக்கு லீவு கிடைத்திருக்கிறது என்று நினைத்துத் துள்ளினேன்.

அப்பாவுக்கும் உள்ளூரச் சந்தோசந்தான். அப்பா மேசன் வேலை செய்தார். சித்தப்பா பட்டணத்தில் ஒரு சைக்கிள் திருத்துகிற கடையில் இருந்தார். உழைக்கிற பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது தகப்பன் ஒரு துரும்பைத் தூக்கினாலும் ஊர் சிரிக்கும் என்பது அப்பாவின் எண்ணம். "ஐயா பட்ட பாடு போதும். இனி அவர் இருந்து சாப்பிடட்டும்" என்று வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

இருப்பதற்கு ஒரு கதிரை வேண்டும் அல்லவா? வெள்ளைக்காரர் விட்டுப் போன தளபாடங்களை அந்த நாட்களில் ஏலம் போட்டார்கள். அதில் அப்பா ஒரு சாய்மனைக் கதிரையை எடுத்தார். காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள நீண்ட கைகளும், பிரம்பு பின்னிய முதுகும் உள்ள பெரிய கதிரை. சித்தப்பா அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பட்டணத்திலிருந்து நடந்து வந்தார். வழியில் ஒருவர், "என்ன தம்பி, மாப்பிள்ளைக்குச் சீதனமோ?" என்று கேட்டாராம். "ஓம், மாப்பிள்ளைக்கு வயசுதான் கொஞ்சம் கூட" என்றாராம் சித்தப்பா.

விறாந்தையில் கதிரையை வைத்தார்கள். அயலில் இருந்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். துரையின் முன்னால் இருக்கச் சொன்னதுபோல அப்பப்பா அதன் விளிம்பில் கூச்சத்தோடு இருந்தார். "நல்லாச் சாய்ஞ்சு இருங்கோ ஐயா" என்றார் அப்பா. அப்பப்பா சாய்ந்தார்.

அதன்பிறகு அவரிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டோம். கிணற்றில் தண்ணீர் அள்ளப் போனால் அம்மா ஓடிப்போய் வாளியைப் பறித்தார். வேலி அடைக்கிற காலம் வந்தபோது அப்பா கூலிக்கு ஆள் பிடித்தார். தேங்காய் உரிக்கிற அலவாங்கைச் சித்தப்பா எடுத்து ஒளித்து வைத்தார். பாக்குச் சீவுவதற்குக்கூட நான் நியமிக்கப்பட்டேன். அப்பப்பா முதலில் சிரித்தார். பிறகு, "சும்மா இருக்க ஏலாமக் கிடக்கு" என்று இரண்டொரு தரம் சொன்னார். "பழகிடும் ஐயா" என்றார் அப்பா.

அப்பா சொன்னபடியே பழகிவிட்டது. வாடைக்காற்றோடு மழை தொடங்கியபோது அப்பப்பா கதிரையை விட்டு எழும்புவதே குறைந்துபோயிற்று. முகம் வழிக்க மறந்தார். சோற்றைப் பிசைந்து பிசைந்து ஒதுக்கி வைத்தார். விடிவதற்கு வெகு முன்னரே விழித்துக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி கிடப்பாராம். துறைமுகப் பக்கமிருந்து எப்போதாவது ஒரு கப்பல் ஊதினால் கண்ணை மூடிக்கொள்வார். நான் கதை கேட்டால், "பிறகு சொல்லுறன் அப்பன்" என்பார். அந்தப் பிறகு வரவே இல்லை. அவருடைய கதிரையின் கையில் ஏறி ஊஞ்சல் ஆடியதற்காக என்னோடு கோபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பரிகாரியார் வந்து கைபிடித்துப் பார்த்து, வாதம் என்றார். எண்ணெய் தந்தார். காற்றுப் படக்கூடாது என்றார். ஆகவே விறாந்தைக்குச் சாக்குத் திரை போட்டு, அவருக்கு எட்டிய கொஞ்ச வெளிச்சத்தையும் மறைத்தோம். சல்லி அம்மன் கோயிலில் நூல் வாங்கி வந்து அம்மா அவர் கையில் கட்டினார். எதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. அந்த அடக்கந்தான் அம்மாவைப் பயப்படுத்தியது.

கடைசியில் வண்டில் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்த டொக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "உடம்பில குறை ஒண்டும் இல்லை. மனந்தான் சோர்ந்து போச்சு. எழுப்பி நடக்க விடுங்கோ. நாலு சனத்தோட பழக விடுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை.

"ஏலாத மனிசனை நடக்க விடட்டாம். இதென்ன கதை? மருந்து குடுக்க விருப்பமில்லையெண்டா இல்லையெண்டு சொல்லட்டன்."

அம்மா குசினிக்குள் சித்தப்பாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "இப்பிடியே போனா மாமா சித்திரை வருசத்தைக் காணமாட்டார் தம்பி. நேற்று ரெண்டு வாய்கூடச் சாப்பிடேல்லை." சித்தப்பா எழும்பி வெளியே போனார். முற்றத்தில் நின்ற சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அந்தச் சைக்கிளில்தான் தினமும் சித்தப்பா என்னைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டொக்யாட்டில் சம்பளம் வாங்கும்போது அப்பப்பா பெருவிரலில் மை பூசி அழுத்துவாராம். என்னை முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, நான் சிலேட்டில் எழுதிய அ எழுத்தைப் பார்த்து, "இது என்ன, வாத்துப் போலக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த வாத்தை அழிக்க வேண்டாம் என்று அன்று முழுவதும் சிலேட்டைத் தன் பக்கத்திலேயே வைத்திருந்தவர். அவருக்கு என்மேல் இருந்த ஒரே கண்டிப்பு, பள்ளிக்கூடம் தவறக்கூடாது என்பதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் பரப்பினார். சுத்தம் செய்யப் போகிறாராம். பின்னேரம் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குச் சைக்கிள் இல்லை. நீ தனியப் போக மாட்டன் எண்டு சொல்லோணும்."

"ஏன் சித்தப்பா?"

"சந்தியில நிக்கிற ஒற்றைக் கொம்பனுக்குப் பயம் எண்டு சொல்லு."

ஒற்றைக் கொம்பன் எங்கள் சந்தியில் எப்போதும் படுத்திருக்கும் ஒரு கட்டாக்காலி மாடு. சந்தி அதன் சொந்தக் காணிபோல. பஸ் வந்தாலும் எழும்பாது. எனக்கு அதன்மேல் ஒரு பயமும் கிடையாது. சித்தப்பாவின் சைக்கிள் அவ்விடத்தில் மெதுவாகும்போது நான் வாழைப்பழத் தோலை அதன் முன்னால் போடுவது வழக்கம். இருந்தாலும் ஒரு பெரிய மனிதர் என்னிடம் உதவி கேட்கிறார் என்ற பெருமையில் சம்மதித்தேன்.

விடிந்தது. அப்பா வேலைக்குப் போய்விட்டார். சித்தப்பா, "கடை திறக்கிற நேரம் போச்சு, நான் குறுக்கால ஓடுறன்" என்று மறைந்தார். நான் புத்தகப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விறாந்தையில் நின்று அழுதேன். தொடக்கத்தில் அழுகை சரியாக வரவில்லை. பிறகு, உண்மையிலேயே நேரம் போகிறது, வாத்தியார் அடிப்பார் என்ற நினைவு வந்ததும் நன்றாக வந்தது.

"மாடு குத்தும். நான் போகமாட்டன்."

அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. அப்பப்பா கதிரையில் கிடந்தார். என்னைப் பார்த்தார். வாசல் படலையைப் பார்த்தார். மறுபடி கண்ணை மூடினார். நான் அழுது களைத்து, இனி இது சரிவராது என்று பையைக் கீழே வைத்த நேரம், கதிரையின் பிரம்பு முறுகுகிற சத்தம் கேட்டது.

"சால்வையை எடு" என்றார்.

அவர் நடந்த நடையை நடை என்று சொல்ல ஏலாது. படலைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். வேலியைப் பிடித்தார். வெளிச்சத்துக்குக் கண் கூசி, கையை நெற்றியில் வைத்தார். சந்திக்கு வந்தோம். எங்களைக் கண்டதும் ஒற்றைக் கொம்பன் தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியம் செய்தது. எழும்பி, நேரே என்னிடம் வந்து, என் காற்சட்டைப் பையை மோந்து பார்த்து, வாழைப்பழத் தோல் கேட்டு என் வயிற்றில் செல்லமாக இடித்தது.

நான் செய்வதறியாமல் நின்றேன். அப்பப்பா மாட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பட்டணத்துப் பக்கம் திரும்பி நடந்தார்.

அன்று பள்ளிக்கூடத்தில் என்னை விட்டுவிட்டு அவர் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விடும்போது எதிரே ஒரு வாகை மரத்தடியில் இருந்தார். இவ்வளவு தூரம் இன்னொரு முறை நடக்க முடியாது என்று அங்கேயே இருந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தவர், விளக்கு வைக்கும்வரை எழும்பவில்லை. சித்தப்பா நடுங்கிப்போனார். ஆனால் அம்மா சொன்னார், "சத்தம் போடாதேங்கோ. குறட்டை விடுறார்." அந்த வீட்டில் குறட்டை கேட்டு மாதக்கணக்காகியிருந்தது.

சைக்கிள் சாக்கிலேயே கிடந்தது. "ஊர்ச் சைக்கிள் எல்லாம் ஓட வைக்கிறாய், வீட்டுச் சைக்கிளுக்கு மட்டும் என்ன கேடு?" என்று அப்பா கத்தினார். ஒரு சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டுமென்றார் சித்தப்பா. அது வரும்வரை அப்பப்பாதான் எனக்குத் துணை. கொஞ்ச நாளில் அவர் வேலியைப் பிடிக்காமல் நடந்தார். பிறகு நான் அவருக்குப் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. ஒருநாள் சந்தியில் மாட்டைக் காணவில்லை. அப்பப்பா நின்று, நாலு பக்கமும் பார்த்து, "எங்கே உன்ட எதிரி? இண்டைக்கு லீவோ?" என்றார்.

அவர் பகிடி விட்டதை நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னபோது, அம்மா ஏன் முந்தானையால் கண்ணைத் துடைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. மாட்டில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

மழை ஓய்ந்து கடல் தணிந்ததும் றோட்டை விட்டுக் கடற்கரை வழியாக நடக்கத் தொடங்கினோம். பங்குனி பிறந்தால் எங்கள் கரையில் கரைவலை தொடங்கிவிடும். விடியத் தோணியில் வலையை வளைத்துக் கடலில் இறக்கி, அதன் இரண்டு கயிறுகளையும் கரைக்குக் கொண்டு வந்து, இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து நடந்து மேட்டுக்கு வந்ததும், கடைசியில் நிற்பவர் கையை விட்டு மறுபடி தண்ணீரடிக்குப் போய்ப் பிடிக்க வேண்டும். இப்படியே, மீன் நிறைந்த மடி கரைக்கு வரும்வரை நடைதான். அந்தக் கரையில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. கயிற்றில் கை வைத்தவன் எவனாயிருந்தாலும் அவனுக்குக் கறிக்கு மீன் கொடுக்க வேண்டும். கயிற்றில் கை வைத்தவன் மடி கரையேறும்வரை விட்டுவிட்டுப் போகக்கூடாது. போனால் மீன் போய்விடும் என்பார்கள்.

அப்பப்பா முதலில் நின்று பார்த்தார். அடுத்த நாள் கொஞ்சம் கிட்டப் போய் நின்றார். அதற்கடுத்த நாள் சால்வையை என்னிடம் தந்தார்.

"இதைப் பிடி. இப்ப வாறன்."

அந்த இப்ப, பள்ளிக்கூட மணி அடித்து வெகுநேரத்துக்குப் பிறகுதான் வந்தது. கயிற்றை விட ஏலாது; வலை ஆடி அசைந்துதான் வரும். நான் தோணி நிழலில் இருந்து கொண்டு, அப்பப்பாவின் முதுகு வளைந்து நிமிர்வதைப் பார்த்தேன். மடி வந்ததும் அவருக்கு நாலைந்து மீனை அடம்பன் கொடியில் கோத்துக் கொடுத்தார்கள். அதை அவர் என்னிடம் காட்டிச் சிரித்தார். அவர் பல் எனக்குத் தெரிந்து எத்தனை மாதம்! நாங்கள் இரண்டு பேரும் பட்டணத்தை நோக்கி ஓடினோம்.

மீனைக் கரையில் வாங்கியதாக வீட்டில் சொன்னார். அடம்பன் கொடியில் கோத்த மீனை யாரும் விற்பதில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அவருடைய உள்ளங்கை சிவந்து உரிந்திருந்ததையும் அம்மா கண்டார். தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

ஆனால் நான் பிந்திப் போவது நாளுக்கு நாள் கூடியது. வாத்தியார் காரணம் கேட்டார். "அப்பப்பா வலை இழுத்தவர் சேர்" என்றேன். உண்மை பேச வேண்டும் என்று அவர்தானே படிப்பித்தவர். அந்தக் கிழமையே பட்டணத்தில் சுவர் கட்டிக்கொண்டிருந்த அப்பாவை வாத்தியார் கண்டு, "என்ன மேசன், வயசான தகப்பனை வலை இழுக்க அனுப்பிப்போட்டு நீர் சுவர் கட்டுறீரோ?" என்று கேட்டுவிட்டார்.

அப்பா சீமெந்துக் கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு வந்தார். அப்பப்பா கிணற்றடியில் நின்றார்.

"ஐயா, நாங்கள் உங்களுக்குச் சோறு போடேல்லையோ?"

"போடுறியள்."

"கறி போடேல்லையோ?"

"போடுறியள் தம்பி."

"அப்ப ஏன் கறிமீனுக்காகக் கயிறு இழுக்கிறியள்? சனம் என்னைப் பற்றி என்ன கதைக்கும்?"

அப்பப்பா யோசித்தார். "மீனுக்கு இல்லை" என்றார். பிறகு எதற்கு என்று சொல்லப் பார்த்தார். அப்பா அதற்குக் காத்திருக்கவில்லை. சித்தப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நீ அந்தச் சைக்கிளை இப்பவே பூட்டு."

சித்தப்பா விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கழற்றிப் போட்டதையெல்லாம் மறுபடி பூட்டினார். கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்த சாமான் அவருடைய சட்டைப்பைக்குள்ளிருந்தே வந்தது. அப்பா அதைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவு கோபம்.

மறுநாள் நான் சைக்கிளில் போனேன். அப்பப்பா கதிரையில் சாய்ந்தார். அடுத்த நாளும் சாய்ந்தார். சோற்றுக் கோப்பை பாதியோடு திரும்பியது. பிறகு அப்படியே திரும்பியது. முகம் வழிக்கிற கத்தி தூசு பிடித்தது. அவர் கீழே இறங்கிப்போன வேகத்தைப் பார்த்து அம்மா என்னைக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து பாடம் படிக்கச் சொன்னார். நான் உரத்துப் படித்தேன். அவர் கேட்கவில்லை.

அப்படி ஒரு கிழமைபோல ஆன பிறகு, ஒரு பின்னேரம், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையில் துவாய் கட்டிய மெலிந்த மனிதர். கையில் ஓர் ஓலைப்பெட்டி. அப்பா வாசலிலேயே மறித்தார்.

"என்ன விசயம்?"

"பெரியவர்ட பங்கு. கடைசியா வந்த அண்டைக்கு மடி ஏறின உடன பொடியனைக் கூட்டிக்கொண்டு ஓடிட்டார். பங்கு நிண்டுபோச்சு. பழுதாப் போகுமெண்டு காயவைச்சுக் கொண்டு வந்தனான்."

"எங்களுக்கு மீன் வாங்க வசதியிருக்கு."

"உங்களுக்கு இருக்கும் தம்பி. கயிறு பிடிச்ச ஆளின்ட பங்கை வைச்சுக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. அடுத்த மடி வெறும் மடியா வரும்." பெட்டியை விறாந்தையில் வைத்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "கப்டனுக்கு என்ன, சுகமில்லையோ?"

"கப்டனோ?" என்றார் அப்பா.

"பொடியள் அப்பிடித்தான் கூப்பிடுறாங்கள். கயிறு பிடிச்சா டொக்யாட்டில வெள்ளைக்காரன் சத்தம் வைச்ச மாதிரி 'ஈவோ! ஈவோ!' எண்டு சத்தம் வைப்பார். அவங்கள் சிரிச்சுச் சிரிச்சு இழுப்பாங்கள். இந்தக் கிழமை கரை செத்துப்போய்க் கிடக்கு."

அப்பா திரும்பிக் கதிரையைப் பார்த்தார். தன் தகப்பனுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அவருக்குத் தெரியாது. அப்பப்பா கண்ணை மூடியிருந்தார். ஆனால் அவருடைய வலது கை, கதிரையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா கிணற்றடியில் உமிக்கரியால் பல் தீட்டிக்கொண்டு நின்றார். அம்மா குசினியிலிருந்து வெறும் பெட்டியோடு வந்து கதிரைக்கு முன்னால் நின்றார். அப்பப்பாவின் முகம் பார்த்து அம்மா கதைத்ததை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. நிலத்தைப் பார்த்துத்தான் கதைப்பார். மாமனாரிடம் ஒரு வேலை சொல்வது என்பது எங்கள் பக்கத்தில் ஒரு மருமகள் கனவிலும் செய்யாத காரியம்.

"மாமா, கறிக்கு ஒண்டும் இல்லை. ஒருக்காக் கரைக்குப் போட்டு வாறியளோ?"

முதல் நாள் வந்த கருவாட்டின் மணம் வீடு முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கும் அது மணத்திருக்கும். ஏதோ சொல்ல ஓடி வந்தார். வாய் நிறைய உமிக்கரி. "ம்! ம்!" என்று கையைத்தான் ஆட்ட முடிந்தது. அவர் ஓடிப்போய் வாளித் தண்ணீரில் வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் அப்பப்பா பெட்டியை வாங்கிக்கொண்டு படலையைத் தாண்டியிருந்தார்.

"உனக்கென்ன விசரோ? ஊர் என்ன சொல்லும்?" என்றார் அப்பா.

"ஊர் சொல்லுறதைச் செத்தவீட்டில இருந்து கேக்கிறதைவிட இப்ப கேக்கலாம்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அவர் உள்ளே போகவில்லை, அங்கேயே நின்றார்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். அப்பப்பாவைத் திருப்பிக் கூட்டி வரத்தான் போகிறார் என்று நினைத்து நான் பின்னால் ஓடினேன். கரைக்கு வந்ததும் அவர் ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டார். அப்பப்பா அதற்குள் கயிற்றைப் பிடித்துவிட்டார். இளந்தாரிகள், "கப்டன் வந்திட்டார்!" என்று கூக்குரல் போட்டார்கள். "ஈவோ!" என்ற சத்தம் முதலில் ஈனசுரத்தில் வந்தது. இரண்டாவது தரம் கடல் இரைச்சலுக்கு மேலால் வந்தது.

சம்மாட்டியார் தென்னையடியைக் கண்டுவிட்டார்.

"ஆர் அங்கை சும்மா நிண்டு பாக்கிறது? கண்ணூறு படும்! ஒண்டில் கயிறைப் பிடியுங்கோ, இல்லாட்டி வெளிக்கிடுங்கோ!"

அப்பா இருபக்கமும் பார்த்தார். போகவும் மனமில்லை, நிற்கவும் வழியில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப்போய், அப்பப்பாவுக்கு முன்னால் இருந்த இடைவெளியில் கயிற்றைப் பிடித்தார். பிடித்த பிறகு விடக்கூடாதே. மடி வரும்வரை இருவரும் பின்னோக்கி நடந்தார்கள், தண்ணீரடிக்குப் போனார்கள், மறுபடி நடந்தார்கள்.

"கப்டன், ஆர் புது ஆள்?" என்று ஒருவன் கேட்டான்.

"மேசன் ஒராள். பழக்கமில்லை. மெல்ல மெல்லத்தான் சரிவரும்" என்றார் அப்பப்பா. கரை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். கடைவாயில் இன்னும் உமிக்கரி இருந்தது.

அன்று எங்கள் வீட்டுக்கு இரண்டு பங்கு மீன் வந்தது. திரும்பி வரும்போது அப்பா தன் கையை விரித்து விரித்துப் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்குக் கை எரியேல்லையோ?"

"எரியுது."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் எரியும்" என்றார் அப்பப்பா.

அதற்குப்பிறகு ஒழுங்கு வந்தது. விடிய இழுக்கிற முதல் வலையை அப்பப்பா விட்டுக்கொடுத்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து இரண்டாவது வலைக்குக் கயிறு பிடித்தார். கேட்பவர்களுக்கு அப்பா, "டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார்" என்று தானே கண்டுபிடித்த வைத்தியம்போலச் சொன்னார். அப்பப்பா மறுசோறு கேட்டார். சாரம் சரியாகக் கட்டவில்லை என்று சித்தப்பாவைப் பேசினார். பேச்சு வாங்கிய சித்தப்பா அதை வீடு வீடாகப் போய்ச் சந்தோசமாகச் சொன்னார். சித்திரை வருசம் வந்தது. அப்பப்பா புதுச் சால்வையோடு முதல் ஆளாகக் கோயிலுக்கு நடந்தார். பின்னேரங்களில் அதே கதிரையில் காலை நீட்டிச் சாய்ந்திருப்பார். களைத்து வந்த மனிதர் சாய்கிறபோது அந்தக் கதிரை நல்ல கதிரையாகத்தான் இருந்தது.

நான் வளர்ந்து, ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான், முதியவர்களுக்கு வருகிற மனச்சோர்வைப் பற்றி ஒரு வைத்தியர் விளக்கிச் சொல்லக் கேட்டேன். வேலையும் கூட்டாளிகளும் ஒரே நாளில் போய்விட்டால் அது வரலாம் என்றார். சோம்பலோ பிடிவாதமோ அல்ல, அதுவும் ஒரு நோய்தான் என்றார். உடம்பை அசைப்பதும் ஆட்களோடு சேர்ந்திருப்பதும் பலருக்கு மருந்துபோல உதவும், ஆனால் ஒரேயடியாக மாறிவிடும் என்று எண்ணக்கூடாது, அதனோடு நாளுக்கு நாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு அப்பப்பாவின் விடியற்காலைகள் ஞாபகத்துக்கு வந்தன.

அவர் கட்டிலின் விளிம்பில் இருந்து, தொங்குகிற தன் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். வெகுநேரம் அப்படியே இருப்பார். நேரம் போகிறதே என்று நான் பையோடு வந்து நிற்பேன். சித்தப்பா பழைய டயரில் வெட்டிக் கொடுத்த செருப்பைத்தான் தேடுகிறார் என்று நினைத்துக் கட்டிலுக்குக் கீழே தலையை நுழைத்து, அதை இழுத்தெடுத்து அவர் காலடியில் வைப்பேன். அவர் செருப்பைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

"ஓம் அப்பன், இதைத்தான் தேடினனான்" என்று சொல்லி, காலை நுழைத்து, என் தோளைப் பிடித்து எழும்புவார்.

எப்போதும் ஒரே இடத்தில் கிடக்கிற செருப்பை இந்த மனிதர் ஏன் நாள்தோறும் தொலைக்கிறார் என்பதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது.